இரத்தம் முதலில் சொன்னது

என் கணவர் குளுவாங்கில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நிலையம் ஒன்றில் வாத்தியாராக இருந்தார். மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் அவரை ‘சிக்கு’ என்று கூப்பிடுவார்கள்; மலாயில் ஆசிரியர் என்று பொருள். நம் பிள்ளைகள் ‘சார்’ என்பார்கள். இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து, வாத்தியார்களுக்கென்று பொருத்தியிருக்கும் தனி பிரேக்கின் மேல் பாதத்தை லேசாக வைத்துக்கொண்டு, முதல்முறை ஸ்டியரிங்கைத் தொடுகிறவர்களோடு ஊரைச் சுற்றி வருவதுதான் அவர் வேலை. காரை இங்கே காடி என்போம்; காடிக்குள் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. தொலைக்காட்சியில் பந்து விளையாட்டு ஓடினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கோல் விழுந்தது தெரிந்துவிடும்.

அவருக்கு இருமல் வந்தபோது ஏர்கான் காற்றைக் குறை சொன்னார். நாள் முழுக்க அடைத்த கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கிறோம், இருமாமல் என்ன செய்யும் என்றார். நானும் அதை நம்பினேன். அவர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தவர் இல்லை. எனக்கு முதலில் பயம் வந்தது மாதா கோயிலில்தான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் பாடற்குழுவில் நிற்பவர் அவர். ஒரே மூச்சில் பாட வேண்டிய ஒரு நீண்ட அடியை அன்று நடுவில் விட்டுவிட்டு, வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

எக்ஸ்ரேயில் ஒரு நிழல் இருந்தது. குளுவாங்கிலிருந்து ஜோகூர் பாருவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு முதுகு வழியாக நீளமான ஊசியைச் செலுத்தி நுரையீரலிலிருந்து துளி சதையை எடுத்தார்கள். அன்று மாலையே அவருக்கு மூச்சு முட்டியது. ஊசி போன வழியில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிவிட்டது. சிலருக்கு அப்படி நடக்கலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்தச் சிலரில் அவரும் ஒருவராகிவிட்டார். விலாவில் குழாயைச் சொருகி, காற்று வெளியேறும்வரை படுக்க வைத்திருந்தார்கள். குழாயோடு திரும்பிப் படுக்க முடியாது. சிரிக்க முடியாது. தும்மல் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், இனிமேல் அந்த ஊசிக்கு முதுகைக் காட்ட மாட்டேன் என்பதுதான்.

எங்கள் மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. நாற்பது வயது இருக்கும். எங்களுக்காக மலாயில் நிதானமாகப் பேசுவார். புற்றுநோய் ஒரு நுரையீரலைத் தாண்டிப் பரவியிருக்கிறது, வெட்டி எடுக்க முடியாது, ஆனால் எடுத்த சதையில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருக்கிறது, அதற்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது என்றார். குணமாகுமா என்று எங்கள் மகள் கேட்டாள். கட்டுக்குள் வைக்கலாம் என்றார் மருத்துவர். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று மூவருக்கும் புரிந்தது.

மருத்துவர்தான் இரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். ஆற்றின் மேற்பக்கம் எங்கோ ஒரு மரம் உளுத்துப்போனால் அதன் தூள் கீழே வரும் தண்ணீரில் மிதந்து வரும் அல்லவா, அதுபோல நோயின் சிறு துணுக்குகள் இரத்தத்தில் கலந்து வரும். சில மாதங்களுக்கு ஒருமுறை கையிலிருந்து இரத்தம் எடுத்து அந்தத் துணுக்குகளைத் தேடலாம். மாத்திரை வேலை செய்தால் குறையும். மாத்திரையை ஏமாற்ற நோய் வேறு வழி கண்டுபிடித்தால், அந்தப் புதிய மாற்றமும் பல சமயம் இரத்தத்திலேயே தெரியும். சில பேருக்கு ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும். முதுகில் ஊசி போடாமல் பார்க்க முடிந்ததைப் பார்க்கலாம் என்றார்.

மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். எல்லைக்கு இந்தப் பக்கம் கெலாங் பாத்தாவில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் தொழிற்சாலை பஸ்ஸில் கடலைக் கடக்கும் இரண்டாம் பாலத்தைத் தாண்டிப் போய்வருகிறவள். ஒரு பொருளில் பழுது வெளியே தெரிவதற்கு முன்னாலேயே கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. அப்பாவின் விஷயத்திலும் அப்படியே நினைத்தாள். முன்னால் தெரிந்தால் முன்னால் தடுக்கலாம்.

அவர் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். முடிவை மனைவியிடம் சொல்லுங்கள், என்னிடம் வேண்டாம் என்று மருத்துவரிடம் மலாயில் சொன்னார். மருத்துவர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாக மறுபடி கேட்டிருக்கிறார். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என்னிடமும் சொன்னார்.

“நல்லதோ கெட்டதோ, நீ கேட்டுக்கோ. எனக்கு மாத்திரைய மட்டும் எடுத்துக் குடு. சாப்பிடறேன்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. பயப்படுகிறார் என்று நினைத்தேன். பயப்படட்டும், அந்தப் பயத்தையாவது அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

மாத்திரை வேலை செய்தது. சில வாரங்களில் இருமல் நின்றது. அதற்குப் பதிலாக முகம் முழுக்கப் பதின்ம வயதுப் பையனைப் போலப் பருக்கள் கிளம்பின. நகங்களின் ஓரம் வெடித்துச் சீழ் வைத்தது. விரல் நுனிகளில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் வழுக்கியது. பிளாஸ்டர் இல்லாமல் பிடித்தால் இரத்தம் வந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், காடிச் சாவியை என் முன்னால் மேசையில் வைத்தார்.

“இனிமே நீதான் ஓட்டணும்.”

எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் வேலை. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கார் ஓட்டும் வாத்தியாரின் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது ஊரில் பழைய வேடிக்கை. கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, இருவரும் பேசாமல் வீடு வந்து சேர்ந்ததோடு அந்தப் பேச்சை விட்டிருந்தோம். பஸ் இருக்கிறதே என்றேன். பஸ்ஸில் போகிற சீக்கா இது என்றார்.

அப்படித்தான் நான் அவரிடம் மாணவியானேன். அந்த மாதங்களை வேறு எதற்கு ஈடாகவும் நான் கொடுக்க மாட்டேன். காடிக்குள் ஏறியதும் அவர் வேறு ஆளாகிவிடுவார். கண்ணாடியைச் சரிசெய்யச் சொல்வார், பிறகு மூச்சை விடச் சொல்வார். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வெறும் சாலையில் நான் கியர் மாற்றத் தடுமாறும்போது, கைகளைப் பார்க்காமல் என் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கை பொய் சொல்லும், முகமும் பொய் சொல்லும், பயம் காலில்தான் இருக்கும் என்பார். மேட்டுச் சாலைப் பரிசோதனையில் காடி பின்னால் உருண்டு முதல்முறை தோற்றேன். அன்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். அடுத்த முறை தேறினேன். மகளுக்குப் போன் போட்டு, உன் அம்மாவுக்கு லைசென்ஸ் கிடைச்சிருச்சு, கெலாங் பாத்தாவில் எல்லாரையும் வீட்டுக்குள் இருக்கச் சொல் என்றார்.

ஜோகூர் பாரு போகும் நாட்களில் விடிகாலையில் கிளம்புவோம். ஆயர் ஈத்தாம்வரை போய் நெடுஞ்சாலையில் ஏறுவோம். மருத்துவமனையில் இரத்தம் எடுக்கும் தாதி ஒரு மலாய்ப் பெண். இந்தப் பரிசோதனைக்கென்று தனிக் குழாய்கள். இரத்தம் நிரம்பியதும் குலுக்காமல், தூங்கும் குழந்தையைப் புரட்டுவதுபோல அவற்றை மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்து எடுப்பார். என் கணவர் அதை மிகவும் கவனமாகப் பார்ப்பார். முடிவைக் கேட்காதவர், குழாயை மட்டும் ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

இரண்டு வாரம் கழித்து மருத்துவர் எனக்குப் போன் செய்வார். முதல் சில முறை நல்ல செய்தி. துணுக்குகள் குறைந்தன, பிறகு ஒன்றுமே அகப்படவில்லை. அகப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா என்று கேட்டேன். இல்லை, அகப்படவில்லை என்றுதான் அர்த்தம் என்றார். அந்த நேர்மைக்காக அவரை அன்று எனக்குப் பிடிக்காமல் போனது. பிற்பாடு பிடித்தது.

அன்று மாலை நெத்திலி சம்பாலும் அவருக்குப் பிடித்த முருங்கைக்கீரையும் செய்தேன். ஒன்றும் கேட்காமல் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. இனி இப்படியே ஓடிவிடும் என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு பிற்பகல் பள்ளி அலுவலகத்தில் இருந்தபோது மருத்துவர் கூப்பிட்டார். இரத்தத்தில் மறுபடி தெரிகிறது என்றார். மிகக் கொஞ்சம். ஆனால் இருக்கிறது. அந்த மாதம் எடுத்த ஸ்கேனில் எந்த மாற்றமும் இல்லை. கட்டி முன்பு போலவே சுருங்கித்தான் கிடந்தது. அப்படியானால் எதை நம்புவது என்றேன். இரண்டுமே உண்மைதான் என்றார் அவர். இரத்தம் வரப்போவதைச் சொல்கிறது, ஸ்கேன் இப்போது இருப்பதைச் சொல்கிறது. இரத்தத்தை மட்டும் பார்த்து மருந்தை மாற்ற முடியாது. அடுத்த மாத்திரைக்குப் பொருந்தும் மாற்றம் இன்னும் தெரியவில்லை. காத்திருப்போம், மறுபடி எடுத்துப் பார்ப்போம்.

போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மகளிடம் சொன்னபோது அவள் வேலை முடிந்து பஸ்ஸில் பாலத்தின் மேல் இருந்தாள். பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று தெரிந்து, நானும் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன். குடிநுழைவுச் சாவடியில் பாஸ்போர்ட் காட்ட இறங்க வேண்டும் என்று கடைசியில் சொன்னாள்.

அது கிறிஸ்துமஸ் காலம். என் கணவர் நோய் வந்த பிறகு அவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. கதவுக்கும் வேலிக்கும் வெள்ளைச் சாயம் அடித்தார். நாற்காலி மேல் ஏறி வாசலில் நட்சத்திரம் கட்டினார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கையை மேலே நீட்டியதால் விலாவில் தெரிந்த பழைய குழாயின் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோலுக்குக் கீழே ஓடும் இரத்தத்தைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஒருவருடைய உடம்பைப் பற்றி அவருக்கே தெரியாததை வைத்துக்கொண்டு அவரோடு ஒரே படுக்கையில் படுப்பது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. எழுந்து உட்கார்ந்து அவர் மூச்சைக் கேட்பேன். சீராகத்தான் இருக்கும்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் அவர் பாடினார். நடுவில் நிறுத்தாமல், மூச்சு இழுக்காமல், அந்த நீண்ட அடியை முழுதாகப் பாடினார். மகள் என் பக்கத்தில் இருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பூசை முடிந்ததும் எல்லாரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டவர் கைவிடவில்லை பார்த்தீர்களா என்றார்கள். ஆமாம் என்றேன்.

புது வருடம் பிறந்து மறுபடி இரத்தம் எடுக்கும் நாள் வந்தது. நான்தான் ஓட்டினேன். ஆயர் ஈத்தாமில் மண்பாண்டக் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. நெடுஞ்சாலையில் ஏறிச் சிறிது தூரம் போனதும் அவர் பேசினார்.

“கால எதுக்கு பிரேக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கே?”

இல்லையே என்றேன்.

“முன்னால ஒரு காடியும் இல்ல. மழையும் இல்ல. ஆனா தொட்டுத் தொட்டு எடுக்கற. ரெண்டு மாசமா இப்படித்தான் ஓட்டற நீ.”

சாலையையே பார்த்தேன்.

“பிளட்டு சரியில்ல, அப்படித்தானே?”

என் கால் மறுபடி பிரேக்கைத் தொட்டது. அவர் உடனே குரலை மாற்றிக்கொண்டார். பிள்ளைகளிடம் பேசும் குரல். “பரவால்ல. சிக்னல் போடு. கண்ணாடிய பாரு. முன்னால ஓய்விடம் வருது, மெதுவா இடது பக்கமா உள்ள எடு.” சொன்னபடியே செய்தேன். இரண்டு கோடுகளுக்கு நடுவில் சரியாக நிறுத்தினேன். அதன் பிறகுதான் அழுதேன்.

ஓய்விடத்தின் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டோம். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பரிசோதனையிலிருந்து, நல்ல செய்திகளையும் சேர்த்து. அவர் குறுக்கே பேசவில்லை. பாப்பாவுக்கும் தெரியுமா என்று மகளைப் பற்றி மட்டும் கேட்டார். தெரியும் என்றேன்.

“அப்ப, கிறிஸ்துமஸ் அன்னைக்கு நான் பாடினப்ப, ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கிட்டேதான் ஒக்காந்திருந்தீங்களா?”

தலையாட்டினேன்.

அவர் கோப்பியைக் குடிக்காமல் வெகுநேரம் லாரிகள் நிற்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவாரோ என்று இருந்தது. பிறகு, “பாவம் நீங்க ரெண்டு பேரும்” என்றார்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பயந்துதானே கேட்காமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். பயமும்தான் என்றார். “ஆனா அது மட்டும் இல்ல. வீட்டுல ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா, யாரு சாதாரணமா இருக்கறது? ஒருத்தராவது சாதாரணமா இருந்தா வீடு வீடா இருக்கும்னு நெனச்சேன். அந்த ஒருத்தர் நானா இருக்கணும்னு ஆசப்பட்டேன், அவ்வளவுதான். ஒனக்கு இவ்வளவு பாரமா இருக்கும்னு தோணல. இனிமே என்கிட்டயும் சொல்லு.”

கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். அன்று மருத்துவரின் அறைக்குள் இருவரும் சேர்ந்து போனோம். இனிமேல் தானே கேட்டுக்கொள்வதாக அவர் சொன்னபோது, மருத்துவர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அந்த இரத்தத்தில் அவர்கள் தேடிய புதிய மாற்றம் தெரிந்தது. ஸ்கேனிலும் கட்டி இப்போது கொஞ்சம் வளர்ந்திருந்தது. அதற்கு வேறு மாத்திரை இருந்தது, மாற்றினார்கள். மறுபடி முதுகில் ஊசி போட வேண்டியிருக்கவில்லை. மகள் சொன்னதுபோல, முன்னால் தெரிந்ததால் முன்னால் தடுக்க முடிந்தது என்று அந்த ஒருமுறை நிச்சயமாகச் சொல்லலாம். புதிய மாத்திரை அவருக்கு முன்னதைவிட ஒத்துக்கொண்டது. நகங்கள் ஆறின. ஒரு வருடம் மறுபடி நிலையத்துக்குப் போய் வகுப்பு எடுத்தார். அந்த ஒரு வருடத்தில் அவரிடம் கற்று லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் இப்போது இந்த ஊரில் காடி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சந்தையில் யாராவது எனக்கு வழிவிட்டுக் கையை உயர்த்தினால், அவரிடம் படித்தவராக இருக்குமோ என்று பார்ப்பேன்.

பரிசோதனை முடிவு வரும் நாளில் போனை மேசை மேல் வைத்து இருவரும் ஒன்றாகக் கேட்டோம். நல்ல முடிவு வந்தால் அவர் அதைப் பற்றி மேலே பேச மாட்டார். வெளியே போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். தெரிந்துகொண்டு இருப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை, முடிவுக்குக் காத்திருக்கும் வாரங்களில் தன் கையைத் திருப்பி நரம்பைப் பார்த்துக்கொண்டு, இது என்னோடதுதான், ஆனா எனக்கு முன்னாலயே அந்த டாக்டர்கிட்ட போய்ப் பேசிடுது என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அடுத்த முறை இரத்தம் மோசமான செய்தி சொன்னபோது அதற்கு மாத்திரை இல்லை. துணுக்குகள் ஏறிக்கொண்டே போயின; எந்த மருந்துக்கும் பொருந்துகிற மாற்றம் எதுவும் அதில் இல்லை. இந்த முறை ஸ்கேன் பின்தங்கவில்லை. எலும்பிலும் கல்லீரலிலும் நோய் இருந்தது. நரம்பு வழியாக ஏற்றும் மருந்தைத் தொடங்கினார்கள். சில தடவை ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் படுக்கையிலிருந்து எழும் நாட்கள் குறைந்தன. குளியலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போவார். பாடற்குழுவினர் ஒரு மாலை வீட்டுக்கு வந்து செபமாலை சொன்னார்கள். அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார், உதடுகள் அசையவில்லை.

மருத்துவர் ஒரு நாள் எங்களிடம், விரும்பினால் இன்னொரு முறை இரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். புதிய மருந்து ஆய்வுகள் சில நடக்கின்றன, ஏதாவது பொருந்துகிறதா என்று பார்க்க. வாய்ப்பு மிகவும் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

மகள் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மதியம், நான் சமையற்கட்டில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எடுத்துப் பார்த்துவிடுவோமே அப்பா என்றாள்.

“வேணாம்மா,” என்றார். “இந்த ரத்தத்துகிட்ட நான் இனிமே ஒண்ணும் கேக்கப் போறதில்ல.”

“கேட்டா ஏதாச்சும் வழி இருக்கலாம்லப்பா.”

“இருக்கலாம்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். “ரெண்டு வாரம் அதுக்கு காத்திருக்கணும். அந்த ரெண்டு வாரமும் நீ போனையே பாத்துக்கிட்டு இருப்பே. எனக்கு அது வேணாம். இப்ப பாக்கற மாதிரி என்னையே பாரு.”

அவள் அவர் முழங்காலின் மேல் தலையை வைத்துக்கொண்டாள். நான் கஞ்சியைக் கொண்டு போகாமல் அடுப்பருகிலேயே நின்றேன். ஆறிப்போன பிறகு மறுபடி சூடாக்கினேன்.

அந்த முடிவுக்குப் பின் சில வாரங்கள் இருந்தார். வீட்டுக்கே வந்து பார்க்கும் தாதிகள் வலிக்கு மருந்து கொடுத்தார்கள். பிராணவாயு இயந்திரம் படுக்கையருகில் ஓடிக்கொண்டே இருந்தது. பாதர் வந்து எண்ணெய் பூசி நற்கருணை கொடுத்தார். ஒரு சிறு துண்டுதான், தண்ணீரோடு விழுங்கினார். பேசுவது குறைந்து, பிறகு கையைத் தூக்குவதும் குறைந்தது. கடைசியாக என்னிடம் தெளிவாகப் பேசியது சாதாரணப் பேச்சு. பசியாறிட்டியா என்று கேட்டார். ஆச்சு என்றேன். ஆகியிருக்கவில்லை.

ஒரு காலை, மழை பெய்துகொண்டிருந்தபோது போனார். மகள் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்திருந்தோம். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்து, ஒரு இடைவெளி முடியவே இல்லை. இயந்திரத்தை யார் நிறுத்தினார்கள் என்று எனக்கு நினைவில்லை. அது நின்றதும் வீட்டுக்குள் கேட்ட மழைச் சத்தம் நினைவிருக்கிறது. அடக்கத்துக்கு நிலையத்தின் பயிற்சிக் காடிகள் வரிசையாக, கூரையில் மஞ்சள் பலகையோடு, கல்லறைத் தோட்டம்வரை மெதுவாக வந்தன. மற்ற வண்டிகள் ஒதுங்கி நின்று வழிவிட்டன.

மகள் கெலாங் பாத்தாவுக்குத் திரும்பும் முன், பைகளை எல்லாம் கட்டி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நான்தான் டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு உங்க ரெண்டு பேரையும் அலைய வெச்சிட்டேனாம்மா?” என்று கேட்டாள். பல நாளாக மனதில் வைத்திருந்த கேள்வி என்று தெரிந்தது.

அவளுக்கு நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். இரண்டாவது மாத்திரை கிடைத்தது அதனால்தான், அந்த ஒரு வருடம் அதனால்தான் என்றேன். அந்த இரண்டு மாதங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற அந்தக் கிறிஸ்துமஸ், அதுவும் அதனால்தான். இதைச் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும், அவளும் என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாள். இரண்டில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ள வழி இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளைப் பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு. சில மாதங்களாகப் பார்க்காமல் விட்டிருந்ததால், போன வாரம் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். என் முறை வந்ததும் கையை நீட்டினேன். தாதி இளம் பெண். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியை வைத்தாள். குழாயில் இரத்தம் ஏறியது. அடர்ந்த சிவப்பு. அவருடையதைப் போலவேதான் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிவதை அவள்தான் முதலில் பார்த்தாள்.

“சாகிட் கா?” என்று மலாயில் கேட்டாள். வலிக்கிறதா என்று.

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, என் விரலைப் பிடித்து அதன் மேல் அழுத்தி வைத்தாள். வெளியே போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்காரச் சொன்னாள். அடுத்த ஆளைக் கூப்பிடாமல் அவளும் நின்றாள். முடிவு எப்போது வரும் என்று அவள் சொன்னதை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. இரத்தம் நின்றதும் பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வெயில் ஏறியிருந்தது. பசித்தது. எதிரே இருந்த கடையில் தனியாக உட்கார்ந்து பசியாறினேன்.